"சீல் வைத்த கண்டெய்னர்" என்று சொல்லி வீட்டுச் சாமான் ஏற்றுகிறவர்களிடம் உஷார்

டெல்லி, குருகிராம், நொய்டா பக்கம் வேலை பார்த்துவிட்டு ஊர்ப்பக்கம் வீடு மாற்றப்போகிறவர்கள் யாராவது இருந்தால் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். எங்கள் வீட்டுச் சாமானைக் குருகிராமிலிருந்து கோயமுத்தூருக்குக் கொண்டுவர ஒரு பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸிடம் கொடுத்தோம். "டோர் டு டோர் சார், தனி கண்டெய்னர், உங்க வாசல்ல சீல் போட்டா கோயமுத்தூர்ல உங்க வாசல்லதான் உடைப்போம்" என்று அடித்துச் சொன்னார்கள், கொட்டேஷனிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். சாமான் வந்து சேர்ந்தது தார்ப்பாய் கட்டிய ஒரு திறந்த லாரியில், பாதி நனைந்து, ஒரு பெட்டி குறைவாக.

ஏற்றும் அன்று கண்டெய்னர் வண்டிதான் வந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், பீரோ, கிரைண்டர், அம்மாவின் தையல் மெஷின், புத்தகப் பெட்டிகள் எல்லாம் ஏறியது, கதவைச் சாத்தி எங்கள் கண்முன்னாலேயே சீல் போட்டு, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்தப் போட்டோ என்னிடம் இருக்கிறது. மஞ்சள் கலரில் ஒரு பிளாஸ்டிக் பட்டை, வயர்களைச் சேர்த்துக் கட்டுவோமே அந்த மாதிரி, அதில் எண் எதுவும் கிடையாது. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர்களில் போடுவது வேறு: போல்ட் சீல் என்பார்கள், தடித்த இரும்பு ஆணி, தலையில் எண் பொறித்திருக்கும், ஒரு தடவை அழுத்திவிட்டால் போல்ட் கட்டர் வைத்து வெட்டினால்தான் கழலும். அதற்கு ஐஎஸ்ஓ 17712 என்று சர்வதேசத் தரமே இருக்கிறது. எண் இல்லாத பிளாஸ்டிக் பட்டையை வழியில் எத்தனை தடவை வேண்டுமானாலும் அறுத்துவிட்டுப் புதுசு மாட்டலாம், யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

வண்டி கிளம்பியதும் நம்மிடம் அவ்வளவு தேனாகப் பேசிய ஆள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். அப்புறம் வேறொரு எண்ணிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "சார், வண்டி ஓசூர் பார்டர்ல நிக்குது, தமிழ்நாடு என்ட்ரி டாக்ஸ் கட்டணும், 9,500 ஜிபே பண்ணிடுங்க. இல்லேன்னா குடோன்ல இறக்கிடுவோம், அதுக்கு அப்புறம் தினம் வாடகை ஏறும்."

இது சுத்தப் பொய். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதே என்ட்ரி டாக்ஸ் போய்விட்டது. நாம் பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு, சரக்கு கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் இ-வே பில் என்ற சீட்டுகூடத் தேவையில்லை. இதைச் சொன்னதும் டாக்ஸ் லேபர் சார்ஜ் ஆனது, லேபர் சார்ஜ் வெயிட்டிங் சார்ஜ் ஆனது, தொகை மட்டும் அதே 9,500. சாமானைப் பிடித்துவைத்துக்கொண்டு பணம் கேட்பதுதான் இவர்கள் தொழிலே, பார்டர் என்றெல்லாம் சொல்வது வெறும் சாக்கு. என் மனைவி வாட்ஸ்அப்பில் எழுத்துமூலமாக ஒன்று அனுப்பினாள்: ஒப்படைத்த சரக்கைக் கேரியர், அதாவது ஏற்றிச் செல்பவர், தராமல் கையாடினால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 316(3) பிரிவில் 7 ஆண்டு வரை தண்டனை உண்டு, நாளை காலை போலீசில் புகார் கொடுக்கிறோம் என்று. அன்று ராத்திரியே வண்டி கிளம்பிவிட்டது. போனில் கத்திக்கொண்டிருந்த வரைக்கும் அசையவே இல்லை, எழுத்தில் போனதும் அசைந்தார்கள்.

வந்த டிரைவர் ஓசூர்க்காரர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். "நான் ஓசூர் குடோன்லதான் ஏத்துனேங்க சார், கண்டெய்னரு, சீலு எதுவும் எனக்குத் தெரியாதுங்க, அங்க எல்லார் சாமானும் ஒண்ணாத்தான் கிடந்துச்சு" என்றார். இறக்க இறக்க அது உண்மை என்று தெரிந்தது. பெட்டிகளுக்குக் குருகிராமில் ஒட்டியது வெள்ளை டேப். மூன்று பெட்டிகளில் அந்த வெள்ளை டேப்பைக் கிழித்துவிட்டு மேலே பிரவுன் டேப் ஒட்டியிருந்தது. புத்தகப் பெட்டிகளின் அடிப்பக்கம் ஊறிப்போய் அட்டை கையோடு வந்தது, உள்ளே பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்க முடியவில்லை. கிரைண்டரின் கல் தனியாக உருண்டு வாஷிங் மெஷினின் பக்கவாட்டை நசுக்கியிருந்தது. செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் வைத்த பெட்டி வரவே இல்லை, அதில் இருந்ததெல்லாம் பாட்டி காலத்து சாமான். அதற்குப் பதில் எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெட்டி இருந்தது, மேலே மார்க்கரில் ஹைதராபாத் விலாசமும் போன் எண்ணும். கூப்பிட்டால், அவர்களும் பெட்டியைக் காணோம் என்று அதே கம்பெனிக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

விசாரித்தபோது இதன் உள்விவகாரம் புரிந்தது. நாம் இணையத்தில் ஒரு தடவை நம்பரைப் போட்டதும் பத்துப் பேர் கூப்பிடுகிறார்களே, அவர்களில் நிறையப் பேருக்குச் சொந்தமாக வண்டியே கிடையாது, புரோக்கர்கள்தான். ஆர்டர் பிடித்து, சாமானை உள்ளூர் குடோனுக்குக் கொண்டுபோய், தெற்கே போகிற ஏதாவதொரு லாரியில் இடம் இருந்தால் மற்றவர்கள் சரக்கோடு ஏற்றிவிடுகிறார்கள். வழியில் இறக்கி வேறு வண்டியில் மாற்றுவதும் உண்டு, ஒவ்வொரு இடத்திலும் புது ஆள், புது வண்டி. இப்படிப் பலர் சரக்கைச் சேர்த்து ஏற்றும் பார்ட் லோடு என்பது தப்பான விஷயமே இல்லை, சொல்லிவிட்டுச் செய்தால் செலவு குறையும், பலருக்கு அதுவே போதும். தனி கண்டெய்னர் என்று காசு வாங்கிவிட்டுப் பார்ட் லோடில் போடுவதுதான் ஏமாற்று. எங்களிடம் வாங்கியது 48,000 ரூபாய். குருகிராமிலிருந்து கோவை சுமார் 2,500 கிலோமீட்டர், லிட்டருக்கு 4, 5 கிலோமீட்டர் ஓடும் பெரிய வண்டிக்கு டீசலே 500 லிட்டருக்குக் குறையாது, டோல் தனி. அந்தத் தொகைக்கு யாரும் முழு கண்டெய்னரை நமக்காக மட்டும் ஓட்டிவர மாட்டார்கள். யாராவது அப்படிச் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

எல்லாம் எல்.ஆரில்தான் இருக்கிறது, அதாவது லாரிக்காரர் கொடுக்கும் சரக்கு ரசீதில். எங்களுக்குக் கொடுத்த எல்.ஆரில் "ஹவுஸ்ஹோல்டு குட்ஸ், 1 லாட்" என்று ஒரே வரி, வண்டி எண் இருக்க வேண்டிய கட்டம் காலி. அதைவிட மோசம், 48,000-ஐப் பிரித்து சரக்குக் கட்டணம் 6,000, மீதி பேக்கிங், லேபர் என்று போட்டிருந்தார்கள். ஏன் என்று வக்கீல் சொல்லித்தான் தெரிந்தது. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டமும் 2011 விதிகளும் சொல்வது, சரக்கின் மதிப்பை அதிகமாக அறிவித்து எழுதாவிட்டால் கேரியரின் பொறுப்பு சரக்குக் கட்டணத்தைப் போல 10 மடங்கு வரைதான். 6,000 என்று எழுதினால் 60,000-த்தோடு கை கழுவிவிடலாம். அதனால் வண்டி கிளம்பும் முன் எல்.ஆரில் வண்டி எண், சீல் எண், பெட்டிவாரியான பட்டியல், சாமானின் மதிப்பு, அந்தச் சட்டப்படி அவர்கள் பதிவு செய்த எண் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். எழுத மறுத்தால் சாமானை ஏற்றவே விடாதீர்கள்.

இன்சூரன்ஸ் என்று மதிப்பில் 3 சதவீதம், 12,000 ரூபாய் தனியாக வாங்கினார்கள். கையில் கொடுத்தது கம்பெனியின் சொந்த லெட்டர்பேடில் ஒரு சீட்டு, எந்த இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் அதில் இல்லை. இதுதான் எனக்கு ரொம்பவே ஆத்திரமாக இருக்கிறது, மற்றதை அலட்சியம் என்றாவது சொல்லலாம், இது தெரிந்தே செய்த மோசடி. உங்கள் பெயரில் பாலிசி சான்றிதழ் வரவில்லை என்றால் அது இன்சூரன்ஸே இல்லை. வந்தாலும் எந்த நிபந்தனைப் பிரிவு (clause) என்று பாருங்கள், ஏ என்றால்தான் பெரும்பாலும் எல்லாச் சேதத்துக்கும் பொருந்தும், சி என்றால் ஏறக்குறைய தீ, மின்னலோடு சரி.

இறக்கும் முன்னாலேயே "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். போடவில்லை. எல்லாவற்றையும் இறக்கி, எது உடைந்தது, எது வரவில்லை என்று அதே தாளில் தமிழில் எழுதி, டிரைவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டோம். இப்போது வழக்கில் எங்களுக்குப் பெரிய பலமே அந்தத் தாள்தான்.

கம்பெனி குருகிராமில் இருக்கிறது, அங்கே போய் எப்படி அலைவது என்று விட்டுவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. ஆனால் ஒன்று, மேலே சொன்ன சரக்குச் சட்டப்படி புக் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் கேரியருக்கு எழுத்துமூலம் நோட்டீஸ் போயிருக்க வேண்டும், அதைத் தவறவிட்டால் வழக்கே நிற்காது. "கிளைம் பிராசஸ்ல இருக்கு சார்" என்று மாதக்கணக்கில் இழுப்பது அதற்காகத்தான். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தோம், அதற்கு 5,000 ரூபாய் தருகிறோம் என்று கம்பெனியிடமிருந்து பதில் வந்தது, வேண்டாம் என்றுவிட்டோம். நோட்டீஸைப் பதிவுத் தபாலில் அனுப்பி, கோவை நுகர்வோர் ஆணையத்தில் மனுவும் கொடுத்திருக்கிறோம். அந்த ஹைதராபாத் குடும்பமும் அவர்கள் ஊரில் புகார் கொடுத்திருக்கிறது.

இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால் எங்கள் நோட்டீஸின் நகலை அனுப்புகிறேன், பெயர், தேதி, தொகையை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும், கேளுங்கள்.