மூன்று ஆண்டுகள் ஓடிய என் மின்சார கோ-கார்ட்: 200 ஆம்பியரிலிருந்து 120க்கு

நானே குழாய் வெட்டி, வெல்டிங் செய்து, வயர் இழுத்துக் கட்டிய மின்சார கோ-கார்ட் மூன்று ஆண்டுகளைக் கடந்து ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் பொருத்திய மணிக்கணக்கு மீட்டர் இன்றைக்கு 146 மணி நேரத்தைக் காட்டுகிறது. அத்தனையும் பிற வாகனங்கள் நுழையாத மூடிய தளங்களில் ஓடியவை. பொதுச் சாலையில் அதை ஒருநாளும் இறக்கியதில்லை. கட்டி முடித்த வாரத்திலேயே எழுதியிருந்தால் இது முழுக்க வேகத்தைப் பற்றிய கட்டுரையாக இருந்திருக்கும். மூன்று ஆண்டுகள் கழித்து எழுதுவதால், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில், பேட்டரி மின்னோட்டத்துக்கு இருந்த 200 ஆம்பியர் உச்சவரம்பை நானே 120க்கு இறக்கி வைத்ததையும், இறக்கிய பிறகுதான் வண்டி ஓட்டுவதற்கு இனிதானது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

வண்டியின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரும்புக் குழாயால் ஆன சட்டம். பின்னால், இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் இல்லாத ஒரே துண்டு ஆக்சில். அதில் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். 3.2 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் 24ஐத் தொடராக இணைத்த 76.8 வோல்ட், 50 ஆம்பியர்-மணி பேட்டரி. அதாவது ஏறக்குறைய 3.8 கிலோவாட்-மணி. உச்சத்தில் 55 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை தரும் பிரஷ் இல்லாத மோட்டார், 13 பல் ஸ்ப்ராக்கெட்டிலிருந்து 52 பல் ஸ்ப்ராக்கெட்டுக்குச் செயின் வழியாக ஆக்சிலைச் சுழற்றுகிறது. 28 சென்டிமீட்டர் விட்டமுள்ள பின்சக்கரத்தோடு கணக்கிட்டால், மோட்டார் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றும்போது வேகம் மணிக்கு 66 கிலோமீட்டர். தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு போகிறவனுக்கு அந்த 66 என்பது காரில் போகும் 66 அன்று.

தொடக்கத்தில் நான் செய்த பெரிய தவறு, மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தையும் பேட்டரியிலிருந்து வரும் மின்னோட்டத்தையும் ஒன்றாக நினைத்ததுதான். புறப்படும் நேரத்தில் மோட்டார் மெதுவாகச் சுற்றுகிறது; அதற்குத் தேவையான வோல்டேஜ் குறைவு; ஆகையால் கன்ட்ரோலர் பேட்டரியிலிருந்து 60 ஆம்பியர் மட்டும் வாங்கி மோட்டாருக்கு 400 ஆம்பியர் கொடுக்க முடியும். புறப்படும் இழுப்பைத் தீர்மானிப்பது மோட்டாரின் அந்த ஆம்பியர். நேர்பாதையின் கடைசியில் கிடைக்கும் சக்தியைத் தீர்மானிப்பது பேட்டரியின் ஆம்பியர். இரண்டையும் உச்சத்தில் வைத்து ஓட்டிய முதல் சில மாதங்களில், திருப்பத்திலிருந்து வெளியே வந்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி முன்னே பாய்வதற்குப் பதிலாகப் பின்பக்கம் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். இதை நண்பர்கள் ரசித்தார்கள். நானும் ரசித்தேன், டயர் தேயும் வேகத்தைப் பார்க்கும் வரைக்கும்.

காரணம் எளிய கணக்கில் இருந்தது. 55 நியூட்டன்-மீட்டர், ஸ்ப்ராக்கெட் விகிதத்தால் நான்கு மடங்காகி ஆக்சிலில் 220 ஆகிறது; சக்கரத்தின் ஆரம் 14 சென்டிமீட்டர் என்பதால் தரையில் ஏறக்குறைய 1,570 நியூட்டன் தள்ளுவிசை. நானும் வண்டியும் சேர்ந்து 180 கிலோ. அதில் பின்சக்கரங்களின் மேல் உட்காருவது 108 கிலோ அளவு. நல்ல டயர் தன் மேல் அழுத்தும் எடைக்குச் சமமான பிடியைத் தந்தாலும் அது 1,060 நியூட்டன்தான். வேகம் கூடும்போது எடை பின்னால் சாய்வதால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனாலும் மிச்ச விசை முழுவதும் ரப்பரைப் பொடியாக்குவதற்கே போய்க்கொண்டிருந்தது. மோட்டார் ஆம்பியரை 400லிருந்து 280ஆக இறக்கியதும் தள்ளுவிசை 1,100 நியூட்டனுக்கு வந்தது. அதே தளத்தில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் கூடவில்லை. சற்றுக் குறையவே செய்தது.

பேட்டரி ஆம்பியரைக் குறைத்ததற்கு வேறொரு காரணம் உண்டு. ஒருநாள் இருபது நிமிடம் ஓட்டி நிறுத்தியபின் இருக்கைக்குப் பின்னாலிருந்து கருகிய பிளாஸ்டிக் வாடை வந்தது. மூடியைத் திறந்து பார்த்தால், பேட்டரியை இணைத்துத் துண்டிக்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டருக்குப் போகும் தடித்த கேபிளின் முனையில் போட்டிருந்த சிவப்பு ஸ்லீவ் மட்டும் வறுத்த மிளகாய் நிறத்துக்கு மாறி, விறைத்துச் சுருங்கியிருந்தது. கேபிளும் கான்டாக்டரும் நன்றாகவே இருந்தன. இரண்டுக்கும் இடையே இருந்த, கேபிள் முனையில் மாட்டும் உலோகக் கண்ணியான ஒரு லக்தான் பழுது. சுத்தியலால் அடித்து நசுக்கும் மலிவான கருவியால் நான் கிரிம்ப் செய்த லக் அது. பிளேடால் குறுக்கே வெட்டிப் பார்த்தபோது செம்பு இழைகளுக்கு நடுவே இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தது. இணைப்பில் ஒரு மில்லி ஓம் தடை இருந்தாலே 200 ஆம்பியரில் 40 வாட் வெப்பம் அந்த ஓரங்குல இடத்தில் பிறக்கும். சாலிடரிங் இரும்பின் சூடு அது. 120 ஆம்பியரில் அதே இணைப்பு 14 வாட்டோடு நின்றுவிடும், ஏனென்றால் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியில் ஏறுகிறது. எல்லா லக்குகளையும் ஹைட்ராலிக் கிரிம்பரால் மறுபடி போட்டேன். செல் முனைகளின் போல்ட்டுகளை, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கினேன். கைக்கணக்கில் முறுக்குவது அலுமினிய முனைகளில் மரையை உருவிவிடும் என்பதை ஒரு செல்லைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

மின்சாரப் பகுதியில் எனக்கு ஏற்பட்ட பெருஞ்செலவு பிரேக் பிடித்ததால் வந்தது என்றால் பலரும் நம்புவதில்லை. மோட்டாரையே ஜெனரேட்டராக்கி வேகத்தைக் குறைத்து, அந்த ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும் வசதியை முழு அளவில் இயக்கி வைத்திருந்தேன். மணிக்கு 60 கிலோமீட்டரில் 180 கிலோ எடை வைத்திருக்கும் ஆற்றல் 25 கிலோஜூல். அதை வீணாக்குவானேன் என்பது என் எண்ணம். ஒரு காலையில் பேட்டரியை நுனி வரை சார்ஜ் செய்து எடுத்துக்கொண்டு போய், முதல் திருப்பத்துக்கு முன்பாகவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். ஏற்கெனவே நிறைந்திருந்த செல்களுக்கு மேலும் மின்சாரம் வந்ததால் செல்களைக் காக்கும் மின்னணுச் சுற்றான பி.எம்.எஸ். தன் கடமையைச் செய்து பேட்டரியைத் துண்டித்தது. போக்கிடம் இல்லாத ஆற்றல் கன்ட்ரோலரின் உள்ளே வோல்டேஜை ஏற்ற, மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட்டுகள் டப்பென்ற ஒரே சத்தத்தில் போயின. இதில் பி.எம்.எஸ்ஸைக் குறைசொல்ல ஏதுமில்லை. இப்போது சார்ஜை 90 சதவீதத்தில் நிறுத்திக்கொள்கிறேன். திரும்பி வரும் மின்னோட்டத்தை 25 ஆம்பியருக்குள் கட்டியிருக்கிறேன். அதைக் கட்டியதில் எதிர்பாராத நன்மையும் கிடைத்தது. டிஸ்க் பிரேக்கும் மோட்டார் பிரேக்கும் ஒரே பின் ஆக்சிலில்தான் வேலை செய்கின்றன. இரண்டும் சேர்ந்து பிடிக்கும்போது திருப்பத்தின் வாயிலில் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். அந்தத் தொல்லை அதோடு ஒழிந்தது.

இதைவிட என்னை அச்சுறுத்திய நிகழ்வு வண்டி ஓடாமல் நின்ற இடத்தில் நடந்தது. பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். சோம்பேறித்தனத்தால் மின்சாரத்தை அணைக்கவில்லை. பெடல் வயரை என் முழங்கை இடித்தது. அடுத்த நொடி இரண்டு சக்கரங்களும் முழு வேகத்தில் சுழன்றன. பெட்ரோல் எஞ்சினாக இருந்தால் ஓடிக்கொண்டிருக்கிறது என்று காது எச்சரித்திருக்கும். இங்கே அது வரை ஓசையே இல்லை. காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார் வைத்த ஆக்சிலரேட்டர், 5 வோல்ட் ஊட்டத்தில் சுமார் 0.8 வோல்ட் முதல் 4.2 வோல்ட் வரை சைகை தரும். அதன் கிரவுண்ட் வயர் அறுந்தால் சைகை சுழியத்துக்கு இறங்காது. 5 வோல்ட்டை நோக்கி ஏறிவிடும். முழுதாக மிதித்ததற்கும் வயர் அறுந்ததற்கும் கன்ட்ரோலருக்கு வேறுபாடு தெரிய வேண்டுமானால் 4.5 வோல்ட்டுக்கு மேற்பட்டதைப் பழுது என்று கொள்ளும்படி அமைப்பில் எழுதியிருக்க வேண்டும். என் கன்ட்ரோலரில் அந்த எல்லை 5 வோல்ட்டில் கிடந்தது. நான் பார்க்கவே இல்லை. இதைக் கட்டும் எவரும், முதல் ஓட்டத்துக்கு முன்பே சக்கரங்களைத் தூக்கி வைத்து, ஆக்சிலரேட்டரின் மூன்று வயர்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும் என்பேன். எந்த வயரைப் பிடுங்கினாலும் மோட்டார் நிற்க வேண்டும்.

அவசரமாக நிறுத்துவதற்கு, இடுப்பில் கட்டிக்கொள்ளும் கயிறு இழுபட்டதும் கான்டாக்டரைத் திறக்கும் சுவிட்ச் வைத்திருக்கிறேன். கான்டாக்டரும் ஃபியூஸும் நேர்மின்னோட்டத்துக்கு மதிப்பிடப்பட்டவையாக இருப்பது கட்டாயம். மாறுமின்னோட்டம் நொடிக்குப் பலமுறை சுழியத்தைத் தொடுவதால் தீப்பொறி தானே அணைந்துவிடும், நேர்மின்னோட்டத்தில் அப்படி ஓர் இடைவேளை கிடையாது. கன்ட்ரோலரின் கெப்பாசிட்டர்களை முதலில் ஒரு ரெசிஸ்டர் வழியாக மெல்ல நிரப்பிவிட்டுத்தான் கான்டாக்டர் மூட வேண்டும். அது இல்லாத முதல் மாதத்தில், ஒவ்வொரு முறை கனெக்டரைச் செருகும்போதும் ஒரு நீலப்பொறி பறக்கும். கனெக்டரின் முகத்தில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழுந்தன.

சட்டத்தைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். 1956இல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் முதல் கார்ட்டைக் கட்டிய காலத்திலிருந்து இந்த வண்டிக்கு ஸ்பிரிங்கும் இல்லை, டிஃபரன்ஷியலும் இல்லை. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும் என்பதால், திருப்பத்தில் உட்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்ப வேண்டும். இல்லையேல் வண்டி திரும்ப மறுத்து நேராகவே தள்ளிக்கொண்டு போகும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரங்களின் சாய்வுக்கோணம் சட்டத்தை மூலைக்கு மூலை முறுக்கி அந்தச் சக்கரத்தைத் தூக்குகிறது. ஆகவே சட்டம் கொஞ்சம் வளைந்து கொடுத்தாக வேண்டும். நானோ, 31 கிலோ பேட்டரியை இருபுறமும் சுமக்க வேண்டுமே என்று பெட்டிகளைச் சட்டத்தோடு எட்டு இடங்களில் இறுக்கிப் போல்ட் போட்டு, குறுக்கே இரண்டு குழாய்களையும் வெல்டு செய்திருந்தேன். வண்டி கட்டில் மாதிரி விறைப்பாக இருந்தது. அதை அப்போது வலிமை என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். ஓராண்டு கழித்து அந்தக் குறுக்குக் குழாய்களை அறுத்தெடுத்து, ஒவ்வொரு பெட்டியையும் மூன்று ரப்பர் புஷ்களின் மேல் உட்கார வைத்த பிறகு, முன்பு இரண்டு கையாலும் மல்லுக்கட்டிய திருப்பத்தில் வண்டி தானே மூக்கைத் திருப்பியது. ஆம்பியரில் செய்த எந்த மாற்றமும் இந்த அளவுக்கு ஓட்டத்தை மாற்றவில்லை.

அந்த விறைப்புக்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. தொண்ணூறாவது மணி நேரத்தை ஒட்டி வண்டியைக் கழுவித் துடைக்கும்போது, இடது முன்சக்கரத்தைத் தாங்கும் பிராக்கெட்டின் அடியில், வெல்டிங் ஓரத்தை ஒட்டி முடியளவு தடிமனில் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. துணியால் தேய்த்தேன், போகவில்லை. நகத்தால் கீறியபோது நகம் அதில் மாட்டியது. பெயிண்டுக்கு அடியில் இரும்பு விரிந்து, உள்ளே ஈரம் போய்த் துருவாகக் கசிந்திருக்கிறது. வெல்டு போட்ட வரி உடையவில்லை. அதன் விளிம்பில், சூடுபட்டுத் தன்மை மாறிய குழாய்ச் சுவர்தான் விரிந்திருந்தது. மேலே இன்னொரு வெல்டு போட்டு மூடாமல், அந்தப் பகுதியை வெட்டியெடுத்துப் புதுக் குழாயும் அகலமான தாங்குதகடும் வைத்துக் கட்டினேன். அன்றிலிருந்து வெல்டிங் இடங்களுக்கு வெளிர் சாம்பல் பெயிண்டுதான் அடிக்கிறேன். கறுப்பில் விரிசல் ஒளிந்துகொள்ளும்.

மற்றவற்றில் சொல்லிக்கொள்ள அதிகமில்லை. செயின் இரண்டும் சிறிய ஸ்ப்ராக்கெட் மூன்றும் மாற்றியிருக்கிறேன். ஸ்ப்ராக்கெட்டை மோட்டார் தண்டோடு பூட்டும் சாவித்துண்டு முழு ஆம்பியர் காலத்தில் ஒருமுறை வெட்டுப்பட்டது, அதன்பின் இல்லை. நைலாக் நட்டுகளின் மேல் மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டு வைத்திருப்பதால், தளர்ந்ததைக் கண்டுபிடிக்க ஸ்பேனர் தேவைப்படுவதில்லை. பிரேக் பேடு பற்றிக் குறையில்லை. இருக்கை மட்டும் இன்னும் விலா எலும்பை அழுத்துகிறது.

பேட்டரி என் எதிர்பார்ப்பைத் தாண்டி நிலைத்திருக்கிறது. சென்ற மாதம் முழுதாக நிரப்பிச் சீரான சுமையில் காலி செய்து அளந்தபோது 47 ஆம்பியர்-மணி கிடைத்தது. புதிதில் இருந்த 50இல் 94 சதவீதம். 11ஆம் செல் மட்டும் மற்றவற்றுக்கு முன்பாகவே வோல்டேஜ் இறங்குகிறது, அதைக் கவனித்துவருகிறேன். இருபது நிமிட ஓட்டத்துக்கு இப்போது 1.3 கிலோவாட்-மணி செலவாகிறது. சராசரியாகப் பார்த்தால் 4 கிலோவாட்டுக்குக் கீழேதான். 15 கிலோவாட் வேண்டும் என்று நான் செல்களைக் கூட்டிய நாட்களை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

பழைய 200 ஆம்பியர் அமைப்பைக் கன்ட்ரோலரிலிருந்து நான் அழிக்கவில்லை. தனிச் சுவிட்சில் இரண்டாம் அமைப்பாக அது இருக்கிறது. நீண்ட நேர்பாதை உள்ள தளத்தில் இந்த ஆண்டு இரண்டு முறை அதைப் போட்டு ஓட்டினேன். இரண்டாம் முறை வண்டியை நிறுத்தியதும் மூடியைத் திறந்து, வெப்பமானியை அதே இடத்து லக்கின் மேல் காட்டினேன். 61 டிகிரி. 120இல் அது 40ஐத் தாண்டியதில்லை. சுவிட்சைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு, அது தவறுதலாக நகராதபடி மேலே ஒரு துண்டு டேப்பை ஒட்டினேன்.