மின்னணுச் சான்றுகளோடு ஏழு வருடம்: மென்பொருளும் ஒரு பச்சை நோட்டும்

சென்னைக்கு வெளியே வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தின் சட்டப் பிரிவில் வேலை செய்கிறேன். 2018-இல் சேர்ந்தபோது மின்னணுச் சான்று என்றாலே எங்களுக்குப் பிரின்ட் அவுட்தான். வழக்கு வந்தால் சம்பந்தப்பட்ட மேனேஜரிடம், "அந்த மெயிலையெல்லாம் எனக்கு ஃபார்வேர்டு பண்ணிடுங்க சார்" என்போம். வந்ததை அச்செடுத்து, மின்னணுச் சான்றுக்குப் பழைய சாட்சியச் சட்டம் கேட்ட 65பி சான்றிதழில் ஐடி ஆளிடம் கையெழுத்து வாங்கி, வக்கீல் ஆபீசுக்கு அனுப்பிவிடுவோம். ஒருநாள் சீனியர் அந்தக் கட்டைத் திருப்பித் தந்தார். "இது அவருக்கு வந்த மெயில் இல்லை, அவர் உங்களுக்கு அனுப்பின மெயில். ஒரிஜினல் ஹெட்டர் எங்கே?" மெயில் யாரிடமிருந்து, எப்போது, எந்த வழியாக வந்தது என்ற பதிவுதான் ஹெட்டர். மென்பொருள் வாங்கும் பேச்சு அதன் பிறகுதான் எழுந்தது.

2019 கடைசியில் வாங்கினோம். பெயர் வேண்டாம். மெயில் பெட்டி, சர்வர் கோப்பு, செல்போனிலிருந்து எடுத்தவை எல்லாவற்றையும் ஓரிடத்தில் ஏற்றி, நகல்களைக் கழித்து, தேடித் தரும் வகை. யார் எதை எப்போது திறந்தார் என்ற பதிவும் இருக்கும். நகல் கழிப்பதில் குறையே இல்லை. பன்னிரண்டு பேருக்குப் போன ஒரு மெயிலைப் பன்னிரண்டு தடவை படிக்கும் தலைவிதி ஒழிந்தது. வணிக வழக்கில் சம்மன் கிடைத்து 120 நாளுக்குள் எதிருரை தாக்கலாகாவிட்டால் அந்த உரிமையே போய்விடும். ஆவணங்களும் அதோடு சேர்ந்தே போக வேண்டும். அந்த நெருக்கடியில் இது கொடுத்த காசுக்கு உழைத்தது.

ஆனால் கோப்பு மென்பொருளுக்குள் வந்த பிறகுதான் அதன் காவல் தொடங்குகிறது. எங்களுக்கு அடி விழுந்தது எல்லாம் அதற்கு முன்னால்.

2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், அசல் சாதனத்தையே கொண்டுவந்து நிரூபித்தாலொழியச் சான்றிதழ் கட்டாயம் என்று தெளிவாக்கியது. 2024 ஜூலை 1-இல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய சாக்ஷ்ய அதினியம் நடைமுறைக்கு வந்தது. அதன் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் இரண்டு பகுதி: பார்ட் ஏ நாங்கள், பார்ட் பி ஒரு நிபுணர். இரண்டிலும் ஹேஷ் மதிப்பை எழுத வேண்டும். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் முழுசாக வேறாகிவிடும் எண்ணெழுத்து வரிசை அது. எஸ்ஹெச்ஏ-256 என்ற முறையில் கணக்கிட்டால் 64 இலக்கம். அந்த நிபுணர் யார் என்று சான்றிதழ் படிவம் உள்ள சட்டத்தின் அட்டவணை சொல்லவில்லை. வெளியிலிருந்து ஒரு தடயவியல் ஆளை ஏற்பாடு செய்துகொண்டோம், அது தனிச் செலவு.

முதன்முறை அவர் வந்தது நன்றாக நினைவிருக்கிறது. 512 ஜிபி லேப்டாப். டிஸ்க்கைக் கழற்றி, எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் ரைட் பிளாக்கரில் மாட்டி, டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் எஃப்டிகே இமேஜர் என்ற மென்பொருளில் காலையில் ஓடவிட்டார். சரிபார்ப்பு முடியச் சாயங்காலம் ஆகிவிட்டது. திரையில் வந்த ஹேஷை அவர் வாசிக்க, நான் பச்சை அட்டை நோட்டில் எழுதினேன். திரும்ப வாசித்தபோதுதான் ஓரிடத்தில் 'பி'க்குப் பதில் 'டி' எழுதியிருந்தது தெரிந்தது. அன்றிலிருந்து ஹேஷை அச்செடுத்து ஒட்டுகிறோம். சாதனத்தின் சீரியல் எண், கொடுத்தவர், வாங்கியவர், நேரம், இருவர் கையெழுத்து மட்டும் கையால். சிரிக்காதீர்கள். குறுக்கு விசாரணையில் "அந்த லேப்டாப் மூன்று நாள் எங்கே இருந்தது?" என்று கேட்டபோது பதில் சொன்னது மென்பொருள் இல்லை, நோட்டுதான்.

வாட்ஸ்அப் தனித் தலைவலி. தர ஆய்வாளர் ஒருவர் துருப்பிடித்த பேரிங்கைப் படமெடுத்துக் குழுவில் போட்டிருந்தார். குழு வழியாகப் போனதும் படம் சுருங்கிவிடும், எடுத்த தேதி விவரமும் உதிர்ந்துவிடும். அசல் படம் அவருடைய பழைய போனில் இருந்தது. அந்தப் போன் எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது. 2023-இலிருந்து அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தவும் முடிகிறது. தானாக மறையும் செய்திகளை யாரோ ஒருவர் குழுவில் போட்டுவைத்தால் அப்புறம் எதுவும் இல்லை. வீடியோ கேம் நிறுவனமான எபிக் அமெரிக்காவில் தொடுத்த வழக்கில், 24 மணி நேரத்தில் அழியும் சாட்களைக் கூகுள் காப்பாற்றி வைக்கவில்லை என்று 2023-இல் நீதிபதி ஜேம்ஸ் டொனாட்டோ கண்டித்ததைக் காட்டித்தான் எங்கள் நிர்வாகத்தை வழிக்குக் கொண்டுவந்தேன். இப்போது 'எதையும் அழிக்காதீர்கள்' என்ற எங்கள் சுற்றறிக்கையில் முதல் வரியே தானாக மறையும் செய்தி அமைப்பை அணைக்கச் சொல்வதுதான்.

தேடல் வசதி? ஆங்கிலத்தில் பிரமாதம். எங்கள் ஆட்கள் எழுதுவதோ ஆங்கில எழுத்தில் தமிழ். 'அனுப்பிட்டேன்' என்பதை ஒருவர் ஒற்றை 'பி' போட்டு எழுதுவார், இன்னொருவர் இரட்டையாக. ஒருவர் பாதியிலேயே விட்டுவிடுவார். ஒரு சொல்லுக்கு ஆறேழு வடிவம் போட்டுத் தேட வேண்டியிருக்கிறது.

இரண்டு வருடமாகச் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கமும் சேர்ந்திருக்கிறது. ஒரு சப்ளையர் விலையை ஏற்றக் கேட்டதற்கு எங்கள் பர்ச்சேஸ் மேனேஜர் "ஓகே சார், பாத்துக்கலாம்" என்று போட்டிருந்தார். 'விலை உயர்வுக்கு ஒப்புக்கொண்டார்' என்று சுருக்கியது அது. தமிழ் தெரிந்த யாரைக் கேட்டாலும் அது நாசூக்காகத் தட்டிக்கழித்தது என்பார்கள். ஆயிரம் மெயிலை வரிசைப்படுத்த அதைக் கூப்பிடுவேன்; ஒரு வாக்கியத்துக்குப் பொருள் கேட்க மாட்டேன். வாய்ஸ் நோட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம், பின்னணியில் பிரஸ் மெஷின் ஓடும்.

பெரிய இழப்பு 2022-இல். நோட்டீஸ் வந்தபோது சம்பந்தப்பட்ட அதிகாரி வேலையை விட்டு எட்டு மாதம். லைசென்ஸ் காசை மிச்சம் பிடிக்க எங்கள் ஐடி பிரிவு அவர் கணக்கையே நீக்கியிருந்தது. நீக்கிய கணக்கை மீட்கக் கூகுளில் 20 நாள், மைக்ரோசாஃப்ட் 365-இல் 30 நாள்தான் அவகாசம். உள்ளே மற்றவர்களுக்கு அவர் எழுதியவை அவர்கள் பெட்டியில் கிடைத்தன. எதிர்த்தரப்புக்கு மட்டும் எழுதியவை அவர்கள் தாக்கல் செய்த பிறகே எங்கள் கண்ணில் பட்டன.

அடுத்த மாதம் சந்தா புதுப்பிப்பு. பத்துப் பயனரை ஆறாகக் குறைத்து, நுண்ணறிவுச் சேர்க்கையை எடுத்துவிட்டு, மிச்சமாகும் பணத்தில் விலகியவர்களின் மெயில் பெட்டிகளைக் காப்பகத்தில் வைக்கும் லைசென்ஸ் கேட்டிருக்கிறேன். "ஆளே போயாச்சு, அப்புறம் எதுக்குங்க லைசென்ஸ்?" என்று கணக்குப் பிரிவிலிருந்து போன் வந்தது. 2022 ஃபைலை எடுத்துக்கொண்டு நாளை மாடிக்குப் போகிறேன்.