எடைக் குறைப்புச் சத்திரசிகிச்சை: நான்கு வருடம் தாண்டிய பிறகு

2021 தொடக்கத்தில் கொழும்பில் சத்திரசிகிச்சைக்குப் போகும்போது என் எடை 118 கிலோ. ஒன்றரை வருடத்தில் 79 வரை இறங்கியது. இப்போது 85இல் நிற்கிறது. "ஏறத் தொடங்கீட்டுது, அப்ப காசெல்லாம் வீண்தானே?" என்று மாமி கேட்டார். வீண் இல்லை. ஓரளவு திரும்ப ஏறுவது பலருக்கும் நடப்பதுதான், வைத்தியரும் அதை முதலே சொல்லியிருந்தார்.

எனக்குச் செய்தது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை ஒடுங்கிய குழாயாக விடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் அதிகம் சுரப்பதும் அந்த வெட்டி எடுக்கும் பகுதியில்தான். அதனால் வயிறு சீக்கிரம் நிரம்புவதோடு பசியும் அடங்கிவிடும். முதல் வருடம் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் சாப்பிட்டேன். பைபாஸ் வேறு. அதில் சின்னப் பை ஒன்றை உண்டாக்கிச் சிறுகுடலோடு இணைப்பார்கள். ஸ்லீவ் செய்தால் பழைய இரைப்பை திரும்ப வராது. கையெழுத்து வைக்க முதல் அதை நன்றாக யோசியுங்கள்.

எனக்குக் கிடைத்த பெரிய நன்மை சலரோகத்தில். இன்சுலின் நின்றுவிட்டது, பிரஷர் குளிசை பாதியாகிவிட்டது. முழங்கால் நோவு குறைந்து நல்லூர் வீதியைச் சுற்றி வர முடிகிறது. குறட்டை நின்றது என் கணவருக்குத்தான் பெரிய சந்தோஷம். ஆனால் சலரோகம் போயே போய்விட்டது என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. சுவீடனில் 1987இல் தொடங்கிய பெரிய ஆய்வொன்றில், சத்திரசிகிச்சை செய்த சலரோகக்காரரில் 72 வீதமானோருக்கு இரண்டாம் வருடத்தில் நோய் அடங்கியிருந்தது. பத்தாம் வருடத்தில் அது 36 வீதம். அங்கே பெரும்பாலும் செய்தது பழைய முறை என்றாலும், மூன்று மாதத்துக்கொருமுறை சீனி பார்ப்பதை நான் விடவில்லை.

ஆபத்து என்றதும் எல்லாரும் கேட்பது மேசையிலேயே செத்துப்போவதைப் பற்றி. அனுபவமுள்ள இடத்தில், முடிந்த பிறகான முதல் மாதத்தையும் சேர்த்துப் பார்த்தாலும், அந்த ஆபத்து ஆயிரத்தில் ஒன்று அளவுதான், பித்தப்பை எடுப்பதோடு ஒப்பிடக்கூடியது. எனக்குப் பயமாக இருந்தது தையல் வழியே கசிவு ஏற்படுவது. நூற்றில் ஒருவர் அளவுக்கு வரும், பெரும்பாலும் முதல் சில கிழமைகளுக்குள். நாடித்துடிப்பு ஏறும், காய்ச்சல் வரும், வயிறு நோகும். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையில் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். ஆகவே ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியதும் இரவு பஸ் ஏறாமல் வெள்ளவத்தையில் மச்சாள் வீட்டில் தங்கினேன். இங்கேயிருந்து போகிற எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: தங்க இடம் பார்த்துவிட்டுத் திகதி எடுங்கள்.

அதற்குப் பிறகு வந்தவைதான் இன்றைக்கும் கூட இருப்பவை. முதலாவது நெஞ்செரிவு. ஸ்லீவுக்குப் பிறகு இது பலருக்கு வரும், ஏற்கெனவே இருந்தால் கூடும். சத்திரசிகிச்சை செய்த இடத்தில் இதை ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டார்கள். நான் இன்னமும் அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்பிரசோல் குளிசை போடுகிறேன், இரவு ஏழு மணிக்குப் பிறகு சாப்பிடுவதில்லை. தாங்கமுடியாமல் போனால் பைபாஸாக மாற்ற வேண்டி வரலாமாம். உங்களுக்கு இப்போதே நெஞ்செரிவு இருந்தால், எண்டோஸ்கோபி (வாய்வழியே கமெரா விட்டு இரைப்பையைப் பார்ப்பது) பார்க்காமல் ஸ்லீவுக்குச் சம்மதிக்காதீர்கள்.

அடுத்தது விற்றமின். பி12, இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் டி எல்லாம் ஆயுள் முழுக்க. விட்டால் கைகால் விறைப்பும் இரத்தச்சோகையும் வரும். 2022இல் நாட்டில் மருந்தும் இல்லை, பெற்றோலும் இல்லை. கொழும்புக் கிளினிக்குக்குப் போக முடியாமல், தம்பி கனடாவிலிருந்து அனுப்பிய போத்தல்களில்தான் அந்த வருடம் ஓடியது. சத்திரசிகிச்சைக்கு ஒரு தொகை கட்டிவிட்டால் செலவு முடிந்தது என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முடி நாலாம் மாதமளவில் கொட்டியது, பிறகு முளைத்தது. தொங்கும் தோல் அப்படியல்ல. பங்குனி சித்திரை வெக்கையில் மடிப்புகளுக்குள் வேர்த்துப் புண்ணாகிறது.

சாப்பாடு தனிக்கதை. புட்டு நெஞ்சுக்குள் அடைக்கிறது. சொதியில் ஊறிய ஒரு இடியப்பம் இறங்கும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணித்தியாலம் விட வேண்டும். ஒடியல் கூழ் ஒரு சின்னக் கோப்பை, அதுவும் மாவைவிட மீனும் நண்டும் கூட. நாளுக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும். நல்லூர் கொடியேறினால் 25 நாளும் எங்கள் வீட்டில் மச்சம் கிடையாது. அந்த நாட்களில் கடலை, பயறு, சோயாமீற், தயிர் என்று எண்ணி எண்ணித்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் உபவாசம் இருப்பதை விட்டுவிட்டேன். முருகன் கோவிக்க மாட்டார்.

கலியாண வீட்டில்தான் கஷ்டம். "என்ன டீச்சர், ஒண்டும் எடுக்கேல்லை, சாப்பாடு சரியில்லையோ?" என்று ஒருவர். "நல்லா மெலிஞ்சு போனியள், ஏதும் வருத்தமோ?" என்று இன்னொருவர், குரலைத் தாழ்த்தி. முதலில் விளக்கம் சொன்னேன். இப்போது "சாப்பிட்டிட்டன்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விடுகிறேன்.

அண்மையில் உறவுக்காரப் பிள்ளையொன்று தானும் செய்யலாமா என்று கேட்டது. 24 வயது, பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடையின் அளவு) 31, சலரோகம் இல்லை, தை மாதம் கலியாணம். சத்திரசிகிச்சைக்கு 1991இல் அமெரிக்காவில் வகுத்த பி.எம்.ஐ. அளவு 40, வேறு நோய் இருந்தால் 35. 2022இல் வந்த புதிய பரிந்துரை ஆசியர்களுக்கு 27.5 வரை இறக்கியிருக்கிறது. ஆகவே அளவில் அவள் உள்ளேதான். ஆனாலும் இப்போது வேண்டாம் என்றேன். செய்தால் ஒரு வருடமாவது, ஒன்றரை வருடம் என்றால் இன்னும் நல்லது, கர்ப்பம் தரிக்கக் கூடாது. கலியாணம் முடிந்து மூன்றாம் மாதமே "விசேஷம் இல்லையோ" என்று கேட்கும் ஊரில் அவளால் எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. செமாகுளூட்டைட் ஊசியைப் பற்றியும் கேட்டாள். அது சராசரியாக 15 வீதம் எடையைக் குறைக்கும், நிறுத்தினால் பெரும்பகுதி திரும்பும், அதற்கும் கர்ப்பத்துக்கு இரண்டு மாதம் முன்னரே நிறுத்த வேண்டும். முதலில் தைரொயிட்டும் சீனியும் பார்க்கச் சொல்லி இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன். றிப்போட் வரட்டும்.