அடாட்டா, டிஏ-88ஆ?

பழைய டிஜிட்டல் டேப் மெஷின் ஒன்றை வாங்க ஆசை, ஆனால் அலெசிஸ் நிறுவனத்தின் அடாட்டா, டாஸ்காம் நிறுவனத்தின் டிஏ-88ஆ என்று குழப்பமா? இரண்டுமே 8 டிராக் (தனித்தனியாகப் பதியும் ஒலித்தடம்), 16 பிட் (ஒலியின் நுணுக்க அளவு). 16 மெஷின்களைக் கோத்தால் 128 டிராக் வரை போகலாம்.

விலை: 1992இல் அடாட் 4,000 டாலருக்குச் சற்றுக் குறைவு. அதுவரை பெரிய ஸ்டூடியோக்களுக்கு மட்டுமே எட்டிய டிஜிட்டல் பதிவு வீட்டு அறைக்குள் நுழைந்தது இதனால்தான். மறுவருடம் வந்த டிஏ-88 கொஞ்சம் கூடுதல்.

டேப்: அடாட்டுக்கு எஸ்-விஎச்எஸ் வீடியோ கேசட், சுமார் 40 நிமிடம்.
டிஏ-88க்குக் கைக்கடக்கமான ஹை-8 வீடியோ கேசட், 100 நிமிடத்துக்கு மேல்.

வேகம்: பல மெஷின்களை ஒத்திசைய வைக்கும்போது ஆரம்பகால அடாட் பொறுமையைச் சோதிக்கும். டிஏ-88 சட்டென்று பிடித்துக்கொள்ளும். சினிமா, டிவி ஒலிக்காரர்கள் அந்தப் பக்கம் சாய்ந்ததற்கு இதுவும் காரணம்.

இணைப்பு: இங்கே அடாட்தான் ராஜா. ஒரே ஒளியிழையில் 8 சேனல் அனுப்பும் அதன் துளை இன்றைய இன்டர்ஃபேஸ்களிலும் (கணினிக்கு ஒலியைக் கொண்டுபோகும் பெட்டிகள்) உண்டு. டாஸ்காமின் சொந்த இணைப்பு முறையான டிடிஐஎஃப்-க்கான கேபிளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

உழைப்பு: இரண்டிலும் டேப்பைப் படிக்கும் சுழல் ஹெட் தேயும். பழுதுபார்க்க ஆள் இல்லாவிட்டால் இரண்டுமே வேண்டாம்.

பாட்டைக் கணினிக்கு மாற்ற அடாட், நீளமான பதிவுக்கு டிஏ-88. கையில் ஏற்கெனவே பழைய டேப் இருக்கிறதா? அப்புறம் தேர்வே இல்லை, அந்த டேப் எதில் ஓடுமோ அதுதான்.