ஒயின் ரேக் செய்ய டைமண்ட் கட்டமா, குழிச்சட்டமா?

வீட்டில் முப்பது, நாற்பது பாட்டில் ஒயினைப் படுக்க வைக்க மரத்தில் ரேக் செய்யலாம் என்று இறங்கினால், கடைசியில் இரண்டு வடிவங்களுக்கு இடையில்தான் வந்து நிற்போம். ஒன்று, பலகைகளைச் சாய்வாக ஒன்றோடொன்று கோத்து, கட்டத்துக்கு எட்டு ஒன்பது பாட்டிலாக அடுக்கும் டைமண்ட் கட்டம். மற்றொன்று, முன்னும் பின்னும் சட்டம் போட்டு, சட்டத்தின் மேல்விளிம்பில் வளைவாகக் குழி வெட்டி, ஒவ்வொரு பாட்டிலையும் தனியே கிடத்தும் குழிச்சட்டம். முழுப் பலகையில் வட்ட ஓட்டை போட்டுப் பாட்டிலைச் செருகும் வகையும் உண்டு. அதில் மரம் நிறைய வீணாகும். ஓட்டையை விடப் பருத்த பாட்டிலுக்கு வழியே இல்லை. அதை இத்துடன் விட்டுவிடலாம்.

என் வாக்கு குழிச்சட்டத்துக்கு. ஆனால் டைமண்ட் கட்டத்துக்குச் சேர வேண்டிய பெருமையை முதலில் கொடுத்துவிட வேண்டும்: இடம். உள்ளளவு 758 மி.மீ. சதுரமான ஒரு பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 18 மி.மீ. பலகை, கட்டத்தின் உள்பக்கம் 250 மி.மீ. என்று வைத்தால் ஒரு திசைக்கு மூன்று, மொத்தம் ஆறு பலகை. நான்கு முழுக் கட்டமும் எட்டு முக்கோணமும் கிடைக்கும். முழுக் கட்டத்துக்கு ஒன்பது, முக்கோணத்துக்கு மூன்று என்று அடுக்கினால் அறுபது பாட்டில். அதே இடத்தில் குழிச்சட்டம் முப்பதுதான் கொள்ளும். வேலையும் டைமண்டில் குறைவு. நேரான வெட்டுகள், பாதிக்குப் பாதி பள்ளங்கள், நான்கு பக்கப் பெட்டி, அவ்வளவுதான். ஒரே வகை ஒயினைப் பெட்டி பெட்டியாக வாங்கி, வரிசையாகக் குடித்துத் தீர்ப்பவருக்கு இதைவிட நல்லது இல்லை.

வாங்குகிற பாட்டில் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். போர்தோ பாட்டிலின் விட்டம் ஏறக்குறைய 75, 76 மி.மீ. பர்கண்டி பாட்டில் 80-ஐத் தாண்டும். ஷாம்பெய்ன் 88-க்குக் குறையாது. 1.5 லிட்டர் மேக்னம் 100 மி.மீ.க்கு மேலேயே போகும். ரீஸ்லிங் பாட்டிலின் விட்டத்தில் குறையில்லை, ஆனால் நீளம் 330 மி.மீ.யைக் கடக்கும். இப்போது 250 மி.மீ. கட்டத்துக்குத் திரும்புவோம். மூன்று போர்தோ பக்கத்தில் பக்கம் 228 மி.மீ.; மீதி 22 மி.மீ. இடைவெளியில் பாட்டில்கள் நகரும். மூன்று பர்கண்டி கச்சிதமாக உட்காரும். மூன்று ஷாம்பெய்ன் 264 மி.மீ. ஆகிறது, நுழையாது. ஒரே கட்டத்தில் மூன்று வகையையும் கலந்தால் மேல் பாட்டில் இரண்டு கீழ்ப் பாட்டில்களின் நடுவே ஆப்பு போல இறங்கி அவற்றை ஓரத்துக்குத் தள்ளும். அடியில் இருப்பதை உருவும்போது மேலே இருக்கிற எட்டும் உருளும். லேபிள் கிழிவது இங்கேதான்.

கட்டத்தைப் பெரிதாக்கி ஷாம்பெய்னுக்கு இடம் கொடுத்தால் போர்தோ இன்னும் அதிகமாக ஆடும். சிறிதாக்கினால் பர்கண்டி போகாது. எதைத் தேர்ந்தாலும் அந்த முடிவு முதல் நாளே பலகையில் வெட்டப்பட்டுவிடுகிறது. ரேக்கை முடிவு செய்யும்போது கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: நாளைக்கு இதில் ஒரு பகுதியை மட்டும் மாற்ற முடியுமா?

டைமண்ட் கட்டத்தில் முடியாது. ஆறு பலகையும் ஒன்றின் பள்ளத்தில் ஒன்று அமர்ந்திருக்கின்றன. ஒரு பலகை பிளந்தால் அதைக் குறுக்கிடும் மற்றவற்றையெல்லாம் கழற்றியாக வேண்டும். பசை போட்டிருந்தால் அதுவும் இல்லை. பள்ளம் பலகையின் அகலத்தில் பாதியைத் தின்றுவிடுவதால், பலகை முறிவதும் பிளப்பதும் எப்போதும் பள்ளத்தின் அடிமூலையில்தான். குழிச்சட்டத்தில் ஒவ்வொரு சட்டமும் நான்கு திருகில் நிற்கிறது. மேக்னம் சேரத் தொடங்கினால் மேல் வரிசையின் இரண்டு சட்டங்களைக் கழற்றி, அகலமான குழி வெட்டிய இரண்டை மாட்டினால் போதும். 660 மி.மீ. நீளத்தில் ஆறு குழிக்குப் பதில் 132 மி.மீ. இடைவெளியில் ஐந்து குழி வரும். எட்டுத் திருகு, அரை மணி நேர வேலை. ஒரு பாட்டில் கசிந்து மரம் கறை பிடித்தாலும் அப்படியே: அந்தச் சட்டத்தை மட்டும் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி மாட்டலாம்.

அதனால்தான் குழிச்சட்ட ரேக்கில் சட்டம் சேரும் இடத்தில் பசையே போடக் கூடாது என்கிறேன். உறுதிக்காக ஒரு சொட்டு வைத்தால் இந்த வடிவத்தின் முழு லாபமும் போய்விடும்.

மரம் சுருங்கி விரிவதிலும் இதே கதைதான். தேக்கின் ஈரப்பதம் 4 சதவீதம் ஏறினால் 280 மி.மீ. அகலப் பலகை ஏறக்குறைய 2 மி.மீ. விரியும், 60 மி.மீ. சட்டம் அரை மி.மீ.கூட விரியாது. நார் ஓடும் திசையில், அதாவது நீளத்தில், மாற்றம் கண்ணுக்கே தெரியாது. ஓக் மரத்தில் அகலத்தின் விரிவு தேக்கைப் போல இரண்டு மடங்கு. டைமண்ட் கட்டத்தின் அகலப் பலகைகள் விரிவதோடு நிற்காமல் குழிந்து வளையவும் செய்யும். வளைந்த பலகை பள்ளத்தில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். எனவே டைமண்ட் செய்வதென்றால் பிளைவுட்டில் செய்யுங்கள். 18 மி.மீ. என்று விற்கும் பிளைவுட் பெரும்பாலும் அதைவிடச் சற்று மெல்லியது. கையில் இருக்கும் பலகையை காலிப்பரில் அளந்து, அதற்கு மேல் 0.3 மி.மீ. விட்டுப் பள்ளம் வெட்டுங்கள். பாலிஷும் கனம் கூட்டும் என்பதால் கோக்கும் முன் பூசுவதாக இருந்தால் பள்ளத்தின் உள்பக்கத்தில் டேப் ஒட்டிவிட்டுப் பூச வேண்டும்.

குழிச்சட்டம் செய்யும் விதம்

முப்பது பாட்டிலுக்கு, வரிசைக்கு ஆறாக ஐந்து வரிசை. 740 மி.மீ. நீளத்தில் பத்துச் சட்டம் வேண்டும்: உடலைத் தாங்க ஐந்து, கழுத்தைத் தாங்க ஐந்து. எல்லாம் 20 மி.மீ. கனம், 60 மி.மீ. உயரம். நிலைக்கால் நான்கு, 40 மி.மீ. அகலத்தில், 750 மி.மீ. உயரத்தில். பக்கவாட்டில் முன்காலையும் பின்காலையும் இணைக்க நான்கு துண்டு.

உடல் சட்டத்துக்கு 160 மி.மீ. அகலப் பலகை எடுத்து, நடுவில் நீளவாக்கில் கோடு போடுங்கள். ஒரு முனையிலிருந்து 95 மி.மீ.யில் முதல் மையம். அடுத்தடுத்து 110 மி.மீ. தள்ளி 205, 315, 425, 535, 645. ஒவ்வொன்றிலும் 89 மி.மீ. ஹோல் சா, அதாவது ட்ரில்லில் மாட்டி வட்ட ஓட்டை அறுக்கும் பல் வட்டம். பிறகு நடுக்கோட்டில் அறுத்தால் ஒரே பலகையில் இரண்டு சட்டம், குழிகள் ஒன்றுக்கொன்று அச்சு அசலாக. ஐந்து சட்டத்துக்கு மூன்று பலகை போதும். ஒன்று மிஞ்சும், அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

இந்த இடத்தில் பலர் நிறுத்திவிடுவார்கள், அதுதான் தவறு. அப்படியே விட்டால் இரண்டு குழிகளுக்கு நடுவே 21 மி.மீ. அகலத்தில், 40 மி.மீ.க்கு மேல் உயரமாக ஒரு கொம்பு நிற்கும். நார் குறுக்கே ஓடுவதால் அந்தக் கொம்பைப் பிடித்து வைத்திருப்பது நாரின் ஒட்டுதல் மட்டும்தான். பாட்டிலின் அடி ஒருமுறை இடித்தால் பிஸ்கட் போல உடைந்து வரும். எனவே அறுத்த விளிம்பிலிருந்து 18 மி.மீ.யை இழைத்தோ அறுத்தோ எடுத்துவிடுங்கள். குழியின் ஆழம் 25 மி.மீ. ஆகும், கொம்பு 30 மி.மீ. அகலத்துக்குத் தடிக்கும். 25 மி.மீ. ஆழமே எந்தப் பாட்டிலும் உருளாமல் இருக்கப் போதுமானது. ஆழம் குறைந்தாலும் வளைவு 89 மி.மீ. வட்டத்தினுடையதே என்பதால் 76 மி.மீ. பாட்டிலும் 88 மி.மீ. பாட்டிலும் ஒரே குழியில் அடங்கும்.

கழுத்துச் சட்டத்துக்கு 123 மி.மீ. பலகை, அதே மையங்கள், 38 மி.மீ. ஹோல் சா. இதில் இழைத்து எடுக்க ஒன்றுமில்லை. மாட்டும்போது கழுத்துச் சட்டத்தின் மேல்விளிம்பு உடல் சட்டத்தைவிட 16 மி.மீ. உயரத்தில் இருந்தால் போர்தோ பாட்டில் சமமாகப் படுக்கும். கணக்கை நம்பி எல்லாவற்றையும் துளைத்துவிடாமல், முதல் வரிசையை கிளாம்பில் பிடித்து, ஒரு பாட்டிலைக் கிடத்தி, அதன் மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒயின் கார்க்கைத் தொட்டபடி இருக்க வேண்டும், அதுதான் படுக்க வைப்பதன் நோக்கம், ஒன்றிரண்டு மி.மீ. ஏற்ற இறக்கத்தால் கெடுதல் இல்லை. முன் சட்டத்துக்கும் பின் சட்டத்துக்கும் மையத்துக்கு மையம் 185 மி.மீ. ரீஸ்லிங் போன்ற நெட்டைப் பாட்டிலின் தோள் நீண்டு சரிவதால், அதைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தால் கழுத்து சரியாக உட்காரும்.

உடல் சட்டம் முன்பக்கம், கழுத்து பின்பக்கம் வரும்படி வையுங்கள். பாட்டிலின் அடி நம்மைப் பார்க்கும். கழுத்து முன்னால் இருந்தால் எடுப்பதற்குப் பாட்டிலைத் தூக்க வேண்டும், வரிசைக்கு வரிசை கூடுதலாக 20 மி.மீ. இடம் கேட்கும். அடி முன்னால் இருந்தால் குழியிலேயே வழுக்கிக்கொண்டு வெளியே வரும். வரிசை இடைவெளி 130 மி.மீ. போதும். லேபிள் தெரியாது என்பது உண்மைதான். முன்விளிம்பில் சின்ன அட்டை ஒட்டிக்கொள்ளலாம்.

ஹோல் சாவில் இரண்டு விஷயம் கெடும். ஒரே பக்கத்திலிருந்து முழுக்கத் துளைத்தால் மறுபக்கத்தில் நார் பிய்ந்து வரும். நடுத்துளையின் முனை எட்டிப் பார்த்ததும் பலகையைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து முடிக்க வேண்டும். 89 மி.மீ. பல் வட்டம் கை ட்ரில்லில் சட்டென்று கவ்விக்கொண்டு மணிக்கட்டை முறுக்கும். பலகையை கிளாம்பில் கட்டி, பக்கக் கைப்பிடி மாட்டி, வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். குழியின் விளிம்பை 2 மி.மீ. உருட்டித் தேய்த்தால் லேபிளில் கீறல் விழாது.

திருகு 4 × 35 மி.மீ., 3 மி.மீ. முன்துளை போட்டு, சட்டத்தின் முனைக்கு இரண்டு வீதம் மொத்தம் நாற்பது. முனைக்கு ஒன்று மட்டும் போட்டால் ரேக் பக்கவாட்டில் சாயும். நிரம்பிய பாட்டில் 1.2 முதல் 1.3 கிலோ, ஷாம்பெய்ன் 1.6 கிலோ வரை இருக்கும். முப்பதும் சேர்ந்தால் 40 கிலோவைத் தொடும். அடி ஆழம் 250 மி.மீ.கூட இல்லாத ஒன்றில் இவ்வளவு எடை நிற்பதால், பின்கால்களின் மேல்முனையை எல் வடிவ ஆணிப்பட்டையால் சுவரில் பிடிக்காமல் ஒரு பாட்டிலும் வைக்காதீர்கள்.

மேக்னத்துக்கு மட்டும் இங்கே குழி அளவு சொல்லவில்லை. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் விட்டம் மாறுவதால், கையில் உள்ள பாட்டிலை வைத்து ஒரு துண்டுப் பலகையில் சோதித்த பிறகே வெட்டுங்கள். அந்த மிஞ்சிய சட்டம் இதற்குத்தான் உதவும்.

பூச்சு எந்த ரேக்குக்கும் ஒன்றுதான். நீர் கலந்த வார்னிஷோ மெழுகெண்ணெயோ இரண்டு கை பூசி, வாசனை முழுக்க அடங்கும் வரை, குறைந்தது இரண்டு மூன்று வாரம், காலியாக விடுங்கள். பூச்சி மருந்து ஏற்றிய மரம் வேண்டாம். பூஞ்சை கண்டால் குளோரின் ப்ளீச் போட்டுத் துடைக்கவும் வேண்டாம்: குளோரினும் மரமும் பூஞ்சையும் சேரும் இடத்தில்தான் ஒயினுக்கு ஈர அட்டை வாசனை கொடுக்கும் டிசிஏ என்ற பொருள் உருவாக வாய்ப்பு உண்டு. அந்தச் சட்டத்தைக் கழற்றி வெயிலில் காயப்போட்டு, 180 எண் உப்புத்தாளில் தேய்த்து, மறுபடி பூசி மாட்டுங்கள்.