ஊட்டிப் பனிக்கு நாயின் படுக்கை: கம்பளியா, வைக்கோலா?

ஊட்டியில் நாய் வளர்ப்பவர்களுக்கு நவம்பர் பிறந்தாலே இந்தக் கேள்வி வந்துவிடும். பழைய கம்பளியை மடித்துப் போடுவதா, வைக்கோல் வாங்கி நிரப்புவதா, இல்லை ஸ்வெட்டர் மாட்டிவிட்டால் போதுமா? எங்கள் வீட்டில் மூன்றையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு வைக்கோலில் நிலைத்துவிட்டோம். எங்கள் கருப்பன் சிப்பிப்பாறைக் கலப்பு. ஒட்டிய முடி, அடிமயிர் கிடையாது, உடம்பில் கொழுப்பும் இல்லை. தென்மாவட்ட வெயிலுக்கு ஏற்ற உடம்பு அது. 2,240 மீட்டர் உயரத்தில், உறைபனி விழும் ஊரில், அதற்கு நாம்தான் துணை.

எங்கே படுக்க வைப்பது என்பதில் பேச்சுக்கே இடமில்லை. நீலகிரியில் சிறுத்தை வீட்டு வாசல்வரை வந்து நாயைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ராத்திரியில் கிரில் கதவு பூட்டிய வராந்தா, இல்லாவிட்டால் வீட்டுக்குள். வெளியே சங்கிலியில் கட்டிவைப்பது கூடவே கூடாது.

ஸ்வெட்டர் காலை நடைக்குச் சரி. ஆனால் பனி படிந்த புல்லில் நடந்து வந்தால் வயிற்றுப் பக்கம் நனைந்துவிடும். வந்ததும் கழற்றித் துடைத்துவிட வேண்டும். ராத்திரி முழுக்கப் போட்டுவைத்தால் அக்குளில் உரசி முடி கொட்டும். அதனால் படுக்கைக்கு அது மாற்றாகாது.

கம்பளிக்கு வருவோம். செலவில்லை, மெத்தென்று இருக்கும், துவைத்துக்கொள்ளலாம். வானம் தெளிந்த ஜனவரி இரவுகளில் கம்பளிமேல் படுத்த கருப்பன் நிம்மதியாகத்தான் தூங்கினான். அந்தக் குறை நான் சொல்ல மாட்டேன். பிரச்சினை ஈரம். நாயின் மூச்சு, காலில் ஒட்டிவரும் பனி, சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி எல்லாம் சேர்ந்து துணிக்குள் இறங்கிவிடுகிறது. ஈரமான துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். உறைபனிக் காலத்தில் பகல் வெயில் நன்றாகவே அடிக்கும். காலையில் போட்டு வெயில் சாய்வதற்குள் எடுத்துவிட்டால் காய்ந்துவிடும். ஆனால் நவம்பரிலும் டிசம்பர் தொடக்கத்திலும் வடகிழக்குப் பருவமழைத் தூறலும் மேகமூட்டமுமாக இருக்கும்போது கனமான கம்பளி நாள்கணக்கில் காயாது. நம் துணிகளே காயாத வீட்டில் நாய்க் கம்பளிக்கு எங்கே கொடி கட்டுவது? மாற்றுக்கு இன்னொன்று, அதற்கு மாற்றாக மற்றொன்று என்று போய்க்கொண்டே இருக்கும். வேலைக்குப் போகிற வீடுகளில் இது இரண்டு வாரத்துக்குமேல் நடக்காது. ஃப்ளீஸ் துணி சீக்கிரம் காயும் என்பது உண்மை. கம்பளிதான் என்று முடிவு செய்தவர்கள் அதை வாங்கலாம்.

வைக்கோலில் அந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு தாளும் உள்ளே குழல். அந்தக் குழலிலும் தாள்களின் இடைவெளியிலும் காற்று தங்கிச் சூட்டைப் பிடித்துவைக்கிறது. ஈரத்தைத் துணிபோல் குடித்து வைத்துக்கொள்ளாது. நாயும் அதன்மேல் படுப்பதில்லை. சுற்றிச்சுற்றிக் குடைந்து, முதுகுவரை மூடிக்கொண்டு, உள்ளே படுக்கிறது. கம்பளியைப் போர்த்திவிட்டால் அரைமணி நேரத்தில் உதறிவிடும். வைக்கோலில் அது தானே போர்த்திக்கொள்கிறது.

பராமரிப்பும் எளிது. தினமும் கையை உள்ளே விட்டுப் பார்த்தால் போதும். நனைந்த பிடியை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டுப் புதிது திணிக்கிறோம். தாள் நொறுங்கித் தூளாகிவிட்டாலோ மக்கிய வாடை வந்தாலோ மொத்தமாக மாற்றிவிட வேண்டும். பழையது தோட்டத்து எருக்குழிக்குப் போகிறது.

வைக்கோலைச் சும்மா தரையில் கொட்டினால் பயனில்லை. பலகைப் பெட்டி வேண்டும். நாய் நிற்கவும் திரும்பவும் முடிகிற அளவு போதும். பெட்டி பெரிதானால் அதன் உடம்புச் சூடு அதை நிரப்பாது. அடியில் செங்கல் வைத்துத் தூக்கி, வாசலைக் காற்று வராத பக்கம் திருப்பி, ஒரு சாக்கைத் தொங்கவிட்டிருக்கிறோம். பெட்டியில் முக்கால் பாகம் வைக்கோல்.

குறைகளும் உண்டு. ஊட்டியில் நெல் விளைவதில்லை. கூடலூர்ப் பக்கமிருந்தோ கீழே மேட்டுப்பாளையம் பக்கமிருந்தோதான் கட்டு வரவேண்டும், வண்டிக் கூலி சேரும். தூசி பறக்கும், வராந்தாவைக் கூடுதலாகப் பெருக்க வேண்டும். நெல்மணி ஒட்டியிருந்தால் எலி வரும், அதனால் உதறித்தான் போடுகிறோம். தும்முகிற, தோல் அரிப்பு உள்ள நாய்க்கு இது ஒத்துவராமல் போகலாம். கருப்பனுக்கு அப்படி எதுவும் வரவில்லை. முடி அடர்ந்த நாய் நான் வளர்த்ததில்லை, ஆகவே லேப்ரடார், பொமரேனியன் வைத்திருப்பவர்களுக்கு இந்த அளவு மெனக்கெடல் தேவையா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. குட்டிகளையும் மூட்டுவலி உள்ள கிழநாய்களையும் மட்டும் பெட்டியில் விடாதீர்கள். அவற்றுக்கு வீட்டுக்குள், தரையிலிருந்து தூக்கிய கட்டிலில், காய்ந்த கம்பளிதான் நல்லது.

எந்தப் படுக்கையானாலும் சூட்டுக்காக மூடிய அறைக்குள் கரி அடுப்பு மட்டும் வைக்கவே வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. நாயையும் கொல்லும், பக்கத்தில் தூங்கும் மனிதரையும் கொல்லும். நாயின் இயல்பான உடல்சூடு 38 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேல். நடுங்கிக்கொண்டிருந்த நாய் நடுக்கம் நின்று, கூப்பிட்டாலும் எழாமல் துவண்டு கிடந்தால், தேறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். உடனே துடைத்து, போர்த்தி, கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.