மூன்று வருடமாக மணிக்கட்டில் ஒரு ஸ்டேடிக் பட்டி

ஹட்டன் பக்கம் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறேன். இஞ்சின் வேலையை விட மீட்டர் போர்டு, இஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கணினியான ஈ.சி.யு. பெட்டி என்று கழற்றித் திறந்து பார்க்கிற வேலைதான் இப்போது அதிகம். மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வயரின் மறுமுனையைக் கிளிப்பால் மாட்டுவோமே, உடம்பில் சேரும் நிலைமின்னை, அதாவது ஸ்டேடிக்கை, வடித்துவிடுகிற அந்த ஸ்டேடிக் பட்டியை வாங்கி மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன்பு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாத ஊரில் ஸ்டேடிக் எங்கிருந்து வரும்?

தை, மாசியில் வரும். மழை நின்று நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி விழுகிற அந்த நாட்களில் காற்றும் காய்ந்துவிடும், நாங்களோ பொலியெஸ்டர் ஜெர்சியும் அதற்கு மேல் ஜெக்கட்டுமாகத் திரிவோம். சீட்டிலிருந்து இறங்கிக் கதவைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும். நமக்கு அப்படி உறைக்க உடம்பில் ஏறக்குறைய 3000 வோல்ட் ஏறியிருக்க வேண்டும், ஆனால் போர்டில் இருக்கிற சில சிப்புகள் சாக 100 வோல்ட்டே போதும். அதாவது கைக்குத் தெரியாமலே வேலை முடிந்துவிடும்.

ஒரு வேகன் ஆரின் மீட்டர் போர்டைச் சரிபண்ணிக் கொடுத்தேன், இரண்டு வாரத்தில் வேறொரு கோளாறோடு திரும்பி வந்தது. ஸ்டேடிக்தான் காரணம் என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால் அந்த போர்டை ரெஜிபோம் துண்டின் மேல் வைத்து வேலை செய்ததும், சொப்பிங் பேக்கில் சுற்றி வைத்ததும் நான்தான். இரண்டுமே ஸ்டேடிக்கைச் சேர்த்துக் கொடுக்கிற சாமான்கள்.

முதலில் வாங்கியது வயர் இல்லாத பட்டி. காசுக்குக் கேடு. சேர்ந்த மின்னேற்றம் போக வழியே இல்லாதபோது அது கையில் இருந்தென்ன, இல்லாவிட்டாலென்ன? பிறகு புறக்கோட்டையில் வயர் உள்ளதை வாங்கினேன். அதற்குள் 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கும். தவறி 230 வோல்ட் கரண்டில் கை பட்டாலும் பட்டி வழியாகக் கால் மில்லிஅம்பியருக்கும் குறைவாகத்தான் ஓடும், அதற்குத்தான் அது. ஒருநாள் வயர் அறுந்தபோது கூட வேலை செய்கிற தம்பி, "அண்ணே, சரிபண்ணிட்டேன்" என்று ரெசிஸ்டரை வெட்டியெறிந்துவிட்டு வெறும் வயரை ஒட்டிக்கொண்டு வந்து நின்றான்! அன்றைக்கே புது வயர் வாங்கினேன்.

பெரிய குறை அந்த வயர்தான். ஒன்றரை வருடம் போன பிறகு சும்மா மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் ஒன்றுமே காட்டவில்லை. வெளியே ரப்பர் நன்றாக இருக்கிறது, கிளிப்புக்குப் பக்கத்தில் மடிகிற இடத்தில் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. எத்தனை மாதம் செத்த பட்டியைக் கட்டிக்கொண்டு நம்பிக்கையாக வேலை செய்தேனோ தெரியாது. இப்போது காலையில் தேநீருக்கு முன் அந்தச் சோதனை, 1 மெகாஓம் பக்கமாகக் காட்டினால்தான் கட்டுவேன்.

கிளிப்பைப் பெயின்ட் மேல் மாட்டிப் பிரயோசனமில்லை. வாகனத்தின் பொடியில், அதாவது இரும்பு உடலில், பெயின்ட் இல்லாத போல்ட் ஒன்றைத் தேடி மாட்ட வேண்டும். டயர் ரப்பர்தானே, வாகனம் எர்த் ஆகாதே என்று கேட்பார்கள். எர்த் ஆகத் தேவையில்லை, நானும் பெட்டியும் பொடியும் ஒரே வோல்ட்டில் இருந்தால் சரி. மேசையில் என்றால் சாம்பல் நிற ஸ்டேடிக் விரிப்பு, கழற்றிய போர்டுக்கு வெள்ளி நிறப் பை.

பல்ப் மாற்ற, பெட்டரி மாற்ற இதெல்லாம் வேண்டாம். மூடிய பெட்டி ஓரளவு தாங்கும், திறந்த போர்டுதான் தாங்காது. ஹைப்ரிட் வாகனத்தில் உயர் வோல்ட் ஓடுகிற ஒரேஞ்ச் நிற வயர் பக்கம் போவதென்றால் பட்டியைக் கட்டாயம் கழற்றிவிடுவேன், அங்கே பயம் சிப்புக்கு இல்லை, எனக்கு.

பட்டியின் இலாஸ்டிக்கும் இப்போது தளர்ந்துவிட்டது, பனிக்காலத்தில் தோல் வறண்டால் சரியாகத் தொடுவதும் இல்லை. அப்போதெல்லாம் வீட்டுக்காரியின் கிரீமில் கொஞ்சம் மணிக்கட்டுக்குப் போகிறது, அவளுக்கு இன்னும் தெரியாது.